அது சுடுதண்ணி சோலார்: வரைபடம் வரைகிற நண்பர்களுக்கு

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், வான்படம் பார்த்து வீட்டுக் கூரை சோலார்களைக் குறித்துவரும் நண்பர்களுக்கு,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்கள் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு அக்காவின் மொட்டைமாடியில் மின்சார சோலார் இருப்பதாக உங்களில் யாரோ வரைந்திருந்தீர்கள். நான்கு பேனல் என்று எண்ணிக்கை வேறு. அக்காவிடம் போனைக் காட்டினேன். "அப்படின்னா எனக்கு ஏன் இவ்வளவு கரண்ட் பில் வருது?" என்றார். அங்கே இருப்பது சுடுதண்ணி சோலார்.

இந்தக் குளிரில் எங்கள் பக்கம் சோலார் என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது குளியல் தண்ணீர்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டும் கருநீலக் கட்டம். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஹீட்டரின் மேல் ஓரத்தில் உருளைத் தொட்டி ஒன்று வெளிர்கோடாகத் தெரியும். பல ஹீட்டர்களில் அதிலிருந்து குழாய்கள் சீப்புப் பல் மாதிரி இறங்கும். மின்பேனல் அப்படியில்லை. சுமார் 2 மீட்டருக்கு 1 மீட்டர் என்று சட்டமிட்ட செவ்வகங்கள், பெரும்பாலும் பலவாகச் சேர்ந்திருக்கும். 3 கிலோவாட் போட்ட வீட்டில் பேனலின் திறனைப் பொறுத்து ஆறிலிருந்து ஒன்பது வரை எண்ணலாம். தகரக் கூரையில் வெளிச்சத்துக்குப் பதிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டும் ஏமாற்றும்.

ஹீட்டரைக் குறிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் மூலம் சூரியன்தான். ஆனால் முறை என்ற இடத்தில் 'போட்டோவோல்டாயிக்' (ஒளியிலிருந்து மின்சாரம்) வேண்டாம், 'தெர்மல்' (வெப்பம்) என்று போடுங்கள்.

இதற்கு இவ்வளவு மல்லுக்கட்டு ஏன் என்பீர்கள். பிரிட்டனில் தன்னார்வலர்கள் இப்படி வரைந்தும் அரசுத் தரவுகளோடு ஒப்பிட்டும் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட சோலார் அமைப்புகளின் திறந்த பட்டியல் 2020இல் உருவானது. மேகம் வந்தால் உற்பத்தி எவ்வளவு குறையும் என்று கணிக்க அப்படிப்பட்ட பட்டியல் வேண்டும். பத்து நிமிடத்தில் மஞ்சு இறங்கி எதிர்வீட்டை மறைக்கிற ஊர் எங்களுடையது. இங்கே அந்தக் கணக்கில் ஹீட்டரையும் சேர்த்தால் என்ன ஆகும், சொல்லுங்கள்.

அப்புறம் சரிவு. மலையில் வான்படம் தரையோடு சரியாகப் பொருந்தாது. ஒரு படத்தில் வீடு இருக்கும் இடத்தில் இன்னொரு படத்தில் கேரட் தோட்டம் இருக்கும். நடந்து பதிவான ஜிபிஎஸ் தடங்களோடு படத்தை நகர்த்திப் பொருத்திவிட்டு வரையுங்கள். படம் எந்த வருடத்தது என்றும் பாருங்கள். மத்திய அரசின் சூர்ய வீடு திட்டம் வந்ததே 2024 பிப்ரவரியில்தான்; 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்று அதற்குப் பிறகு போட்டவர்கள் பழைய படத்தில் இருக்க மாட்டார்கள். 'இங்கே எதுவும் இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கூகுள் படத்தைப் பார்த்து வரைய உரிமம் இல்லை, வரையக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சந்தேகம் வந்தால் வரையாமல் அந்த இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் விடுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிற வழியில் தெருவிலிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன். அக்கா வீட்டுக் கூரையைத் திருத்திவிட்டேன். கீழ்த்தெருவில் இன்னும் இரண்டு இருக்கின்றன, மஞ்சு விலகட்டும்.

அன்புடன்,
கோத்தகிரிக்காரன் ஒருவன்