மேல் ஷட்ஜத்தில் காற்று

அன்புள்ள வசந்தி,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் பெண்ணின் கல்யாண ஆல்பம் பார்த்தேன், எல்லாப் படத்திலும் நீ தொடையில் தாளம் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய், பாவம் அந்த நாதஸ்வரக்காரர்! அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். போனில் உன்னைப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும் என்பதால்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக ஒரு விஷயம் மனசைப் போட்டு அரிக்கிறது, உன்னிடம் கொட்டாமல் தீராது. கடைசியில் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் மூடி வைத்துவிடாதே.

போன தடவை நீ வந்திருந்தபோது கூடத்தில் உட்கார்ந்து பைரவி அட தாள வர்ணம் பாடினாளே ஒரு பெண், "யாருடீ இது, வீடே அதிருகிறது" என்று கேட்டாயே, அவளுடைய குரல் போய்விட்டது.

போய்விட்டது என்றால் சாதாரணத் தொண்டைக்கட்டு இல்லை. சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் அவள் அம்மா பார்த்தாயிற்று. பேசும்போது லேசான கரகரப்புதான், பெரிதாக ஒன்றும் தெரியாது. பாடச் சொன்னால்தான் தெரிகிறது. பஞ்சமம் வரை ஒழுங்காகப் போகிறாள், தைவதத்தில் தடுமாறுகிறாள், மேல் ஷட்ஜத்தை, அந்த உச்சி 'ஸ'வை, மெதுவாகத் தொடச் சொன்னால் முதலில் காற்று வருகிறது, அப்புறம்தான் சுரம் வருகிறது. ஓங்கிப் பாடினால் வந்துவிடுகிறது. மெல்லப் பாடத்தான் முடியவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓங்கினால் வரும், அடக்கினால் வராது என்கிற குரலில் உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது. ஓங்கியே பழகிய பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது, இன்னும் கொஞ்சம் பலமாகப் பாடினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு மேலும் மேலும் அழுத்தும்.

அம்மாவைச் சம்மதிக்கவைத்துத் தொண்டை டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, திரையில் காட்டினார். இவ்வளவு காலம் பாடியும் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேனே வசந்தி, குரல் நாண்களைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளையாக இரண்டு விளிம்பு, அவ்வளவு சின்னது. மூச்சு இழுத்தால் விலகுகின்றன, 'ஈ' என்றால் சேருகின்றன. அவளுக்குச் சேரவில்லை. இரண்டு விளிம்பிலும் நேருக்கு நேராக ஒரு சின்னத் தடிப்பு, அவை இரண்டும் முட்டிக்கொண்டு நிற்க, முன்னாலும் பின்னாலும் இடைவெளி விழுந்து, பார்ப்பதற்கு உடுக்கை மாதிரி இருந்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று ஒழுகுகிறது. நான் காதால் கேட்டது அப்படியே திரையில் இருந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு "டீச்சர், இனிமேல் பாட முடியாதா?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை, டாக்டர்தான் சொன்னார். இது முடிச்சு, கட்டியோ புற்றோ இல்லை, ஆபரேஷன் அவசியப்படாது, குரல் பயிற்சி சிகிச்சையிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும், ஆனால் கத்தக்கூடாது, ரகசியம் பேசுவதுபோல் கிசுகிசுக்கவும் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், சில மாதங்களுக்குக் கச்சேரி என்ற பேச்சே கூடாது.

காரணம் என்ன தெரியுமா? சுருதிதான். என்னிடம் வருவதற்கு முன்னால் யாரோ அவளை ஆறு கட்டை என்ற உயர்ந்த சுருதியில் உட்காரவைத்து, அதிலேயே டிவி போட்டிக்கும் தயார் செய்திருக்கிறார்கள். ஐந்துக்கு இறக்கவே நான் அவளோடும் அவள் அம்மாவோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, அதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது. சும்மா பேசும்போதே ஒரு பெண்ணின் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை மோதிப் பிரிகின்றன. ஆறு கட்டையில் மேல் பஞ்சமத்தைப் பிடித்தால் 660 தடவை. அந்தப் பஞ்சமத்தில் கார்வை கொடுத்து, நீட்டி நின்றால்தான் கைதட்டு விழும் என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிவைத்தால், அது தினமும் அதைத்தானே செய்யும்? சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுகிறதா, வர்ணம் எத்தனை பாடம் என்று கணக்குக் கேட்கிறோம். இந்தக் குரலுக்கு எது இயற்கையான ஆதார ஷட்ஜம் என்று முதல் நாள் உட்கார்ந்து கேட்பவர்கள் எத்தனை பேர்? நம் டீச்சர் கேட்டார். உன்னை நாலரையில் வைத்தார், என்னை ஐந்தரையில் வைத்தார், ஒரே பாயில் உட்கார்ந்து தனித்தனியாகப் பாடினோம், உனக்கு அது எவ்வளவு கோபம்! இன்று அதன் அருமை தெரிகிறது.

இப்போது நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன். தொண்டைக்குள் இப்படி உயிரோடு இயங்கும் நாண்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்து உலகத்துக்குச் சொன்னது டாக்டர் இல்லை, ஒரு பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியா என்று பெயர், 1805-ல் பிறந்த ஸ்பானியர். இவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து வேறு எதிலும் மனசு போகவில்லை. அப்பா பெரிய ஓபரா பாடகர், மகா முரடர், பிள்ளைகளை அடித்து மிரட்டிப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1825-ல் குடும்பத்தோடு நியூயார்க்குக்குப் போய் இத்தாலிய ஓபராவை நடத்தியபோது மகனும் மேடையேறினான், அப்போது வயது இருபது. சின்ன வயதிலேயே தாங்கமுடியாத பாரத்தை ஏற்றியதில் அவன் குரல் நிலைக்கவில்லை, மேடையை விட்டான். தங்கை மாலிப்ரான் ஐரோப்பாவையே கட்டிப்போட்ட பாடகி. அவளும் 1836-ல், 28 வயதில் இறந்துபோனாள். மேடையை விட்ட இந்த மனிதர் இராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்து, குரல்வளை எப்படி இயங்குகிறது என்று படித்திருக்கிறார். தன் குரல் ஏன் போயிற்று என்ற கேள்வி அவரை விடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

1854-ல் பாரிசில் நடந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒரு சூரிய வெளிச்சத்தின் பளிச்சில் யோசனை தோன்றியதாம். நேராகப் போய்ப் பல் டாக்டர்கள் உபயோகிக்கும் நீளக் கைப்பிடிக் கண்ணாடி ஒன்றை வாங்கி, வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, தன் உள்நாக்கின் மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கைக்கண்ணாடியால் வெயிலை வாய்க்குள் அடித்துத் தன் குரல்வளையைத் தானே பார்த்திருக்கிறார்! அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதி அனுப்பினார். அதற்கப்புறம்தான் டாக்டர்கள் அந்த வழியில் வந்தார்கள். நூறாவது பிறந்தநாளில் தொண்டை டாக்டர்களும் பாடகர்களும் சேர்ந்து அவரைக் கொண்டாடினார்கள், 1906-ல்தான் காலமானார்.

ஆனால் என்னை உலுக்கியது கண்ணாடி இல்லை, ஜென்னி லிண்ட் கதை. ஸ்வீடன் நாட்டுப் பாடகி, சின்ன வயதிலேயே ஓயாமல் மேடையேறிக் களைத்த குரலோடு 1841-ல் பாரிசுக்கு இவரைத் தேடி வருகிறாள், வயது இருபது. பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, உனக்குக் குரலே மிச்சமில்லை, பாடம் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை என்கிறார். அவள் அழுகிறாள். சரி, சில வாரங்களுக்குப் பாடவே பாடாதே, பேச்சையும் குறைத்துக்கொள், அப்புறம் வா என்று அனுப்புகிறார். அவள் அப்படியே இருந்து திரும்பி வருகிறாள், அடிப்படையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார்கள், அடுத்த வருஷமே ஊர் திரும்பி மேடை ஏறுகிறாள். பிற்பாடு அவள் அடைந்த புகழ் உனக்கே தெரியும். பாடாமல் இரு என்று சொல்ல ஒரு வாத்தியாருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! நம் ஊரில் சாதகத்தை நிறுத்து என்று சொன்னால் குடும்பமே சண்டைக்கு வரும்.

வந்தார்கள் வசந்தி. மார்கழியில் ஒரு சபாவில் மத்தியானக் கச்சேரி கிடைத்திருக்கிறதாம், அது ஒன்றை மட்டும் எப்படியாவது பாடிவிடட்டும், அப்புறம் ஓய்வு எடுக்கட்டும் என்கிறார் அம்மா. மாட்டேன் என்றேன். கொஞ்சம் காரமாகவே சொன்னேன். குரல் தேறி வந்ததும் நாலரையில் ஆரம்பிக்கப் போகிறேன் என்றதும், "நாலரையா? ஆம்பளைக் குரல் மாதிரி இருக்குமே" என்று முகத்தைச் சுளித்தார். பட்டம்மாள் பாடினதைக் கேட்டிருக்கிறீர்களா, அந்தக் கனமான குரலில் ஒரு நிரவல் கேட்டால் இந்த வார்த்தை வாயில் வருமா என்றேன். எழுந்து போய்விட்டார். முசிறி சுப்பிரமணிய ஐயரைப் பற்றி அவரிடம் சொல்ல நினைத்தேன், அதற்குள் போய்விட்டார். 1939-லேயே சங்கீத கலாநிதி வாங்கியவர், உச்ச சுருதியில் பாடிப் புகழ் சேர்த்தவர், உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றதும் மேடையை விட்டு ஒதுங்கி, 1949-ல் ஆரம்பித்த கர்நாடக இசைக் கல்லூரிக்குத் தலைமை ஏற்று, எத்தனை பேரை உருவாக்கிவிட்டுப் போனார்! மேடை இல்லாவிட்டால் சங்கீதம் இல்லை என்று யார் சொன்னது?

அதைத்தான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவேண்டும். அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வகுப்புக்கு வருகிறாள், மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதற்குத் தாளம் போடுகிறாள், கண் கலங்கினால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து உள்ளே போகிறாள். பதினைந்து வயது, வசந்தி. பாடாத மாதங்கள் அவளுக்கு வெறும் சூனியமாகப் போய்விடக் கூடாது.

நான் கேட்கும் உதவி இதுதான்: அவளுக்கு நீ வீணை சொல்லிக்கொடு. தெரியும், புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று சபதம் செய்திருக்கிறாய், இவளுக்காக அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள். உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே அவளுக்கு மெதுவாகப் பாடுவதன் அழகு புரியும். வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளைப் பற்றி நம் டீச்சர் சொல்லிச் சொல்லி நமக்கு மனப்பாடம். அவ்வளவு மெலிசாக வாசிப்பாராம், பெரிய வித்வான்களெல்லாம் மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்பார்களாம். அந்த வீட்டிலிருந்து வந்த பிருந்தாம்மாவின் பதங்களும் அப்படித்தானே, எங்கே குரலை உயர்த்தினார்? இந்தப் பெண் ஒரு கமகத்தை, அந்தச் சுர அசைவை, விரலால் இழுத்துப் பழகினால், தொண்டையால் அதைத் தள்ளவேண்டியதில்லை என்று தானாகவே தெரிந்துகொள்வாள். ஞானம் நிறைய இருக்கிறது, காது அபாரம், நீயே சொன்னாயே.

பாடச் சொல்லாதே, வாசிக்கும்போது முணுமுணுக்கவும் விடாதே. அவள் அம்மா போன் செய்து மார்கழி கச்சேரி பற்றிக் கேட்டால், நானும் நீயும் ஒன்றையே சொல்லவேண்டும், இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்துவிடாதே. சம்பளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதை அவர்களிடம் பேசவேண்டாம். பழகுவதற்கு என்னிடம் இருக்கும் பழைய வீணையைக் கொடுத்தனுப்புகிறேன், அதற்கு மெழுகு புதிதாக வைக்கவேண்டும், தந்தியும் மாற்றவேண்டும், உன் ஆளிடம் சொல்லிவை.

சனிக்கிழமை காலை வரச் சொல்லட்டுமா? உடனே பதில் போடு.

உன்,
ஜானகி