‘பொறவு சொல்லுதேன்’ என்று சொல்லாதவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்கள் எல்லாருக்கும்,

போன மாதம் எங்கள் வீட்டுப் பழைய டிவியை ஆக்கர் கடைக்குப் போட்டோம். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்ததே, அந்த 14 இஞ்ச் கலர் டிவிதான். ரெண்டு வருஷமாகப் படம் வராமல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒருத்திக்குப் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது என்பதால், “ரெண்டும் சேர்ந்தா ஒரு முழு டிவி” என்று அம்மா சிரிப்பாள். அதைத் தூக்கியபோது பின்னால் சுவரோடு சாய்ந்து ஒரு சிலேட்டு நின்றது. மரச்சட்டம் ஒரு பக்கம் விட்டுப்போய் நூல் சுற்றியிருந்தது. பீடி நூல்.

எதிர்வீட்டு ஆச்சியின் பேத்தி கொண்டுவந்த சிலேட்டு அது. 2020இல் பொங்கல் கழிந்த அடுத்த வாரம் ஒரு ராத்திரி எங்கள் கைக்கு வந்தது. இத்தனை வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. சிலேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் நன்றியைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல வந்தால், “போட்டி, பெரிய மனுசி மாதிரி பேச வந்துட்டா” என்று வாயை அடைத்துவிடுவீர்கள்.

தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அது எங்களுக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆனது. தடுப்பூசிக்குக் கூப்பிட வந்த நர்சம்மாதான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தூக்குவாளியைக் கரண்டியால் தட்டினார். திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது, இவள் திரும்பவில்லை. நர்சம்மா இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, “அழாதம்மா, பாளையங்கோட்டையில இதுக்குன்னே ஸ்கூல் இருக்கு” என்றார். புளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளி. அம்மா அன்றைக்கு அழத்தான் செய்தாள். ஆனால் பள்ளிக்கூட வயது வந்ததும் முக்கூடலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அந்த நர்சம்மா எங்கே இருந்தாலும் முதல் நன்றி அவருக்கு.

அந்த பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அண்ணாச்சி இருந்தார். லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போகிற நாளில் தங்கச்சிக்கு ஜன்னல் சீட்டைப் பிடித்து வைத்திருப்பார். விசில் அடிப்பதற்கு முன்னால் அவளைப் பார்த்துக் கையைத் தூக்குவார், அவள் தலையாட்டினால்தான் வண்டி நகரும். பஸ்ஸே தன் உத்தரவில் ஓடுகிறது என்று பத்து வயதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். அவருக்கும் நன்றி.

இனி டிவிக்கு வருகிறேன். 2000இல் சன் டிவியில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ என்று கேள்வி-பதில் போட்டி நடத்தினாரே, அப்போது எங்கள் வீட்டில் டிவி கிடையாது. ஆச்சி வீட்டில்தான் போய் உட்காருவோம். அம்மா பீடித் தட்டோடு வருவாள். நாலாம் கிளாஸ்தான் படித்தவள். ஆனால் பீடி சுற்றுகிற இடத்தில் யாராவது ஒருத்தர் தினமும் தந்தி பேப்பரைச் சத்தமாக வாசிப்பார்கள். அதில் காதில் விழுந்ததை வைத்து, தட்டிலிருந்து தலை நிமிராமலே “பி” என்பாள். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதிப் பாதியில், “அவனுவ தப்பாப் போட்டிருக்கான்” என்பாள்.

அப்புறம் 2012இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ வந்தது. அதற்குள் அரசாங்க டிவி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது, தங்கச்சியும் நன்றாகப் படிக்கிற பெண்ணாக வளர்ந்துவிட்டாள். திரையில் கேள்வி வந்ததும் எங்களுக்கு முன்னாலேயே விரலைக் காட்டிவிடுவாள். ஏ என்றால் ஒரு விரல், டி என்றால் நாலு. விடையை லாக் செய்தபிறகு மியூசிக் போட்டு இழுப்பார்களே, அந்த நேரத்தில் நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். அவளுக்கு மியூசிக் கிடையாது. கேள்வி கேட்பவர் முகத்தை மட்டும் பார்த்து, சரியா தப்பா என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். அநேகமாகத் தப்பாது.

ஆனால் கேள்வியும் விடையும்தான் எழுத்தில் வரும். ஆட்களுடைய கதை சத்தத்தில் போய்விடும்.

எங்கள் வீட்டில் யாரும் கேள்விக்கு அழுததில்லை. “ஜெயிக்கிற பணத்தில் என்ன செய்வீர்கள்” என்று கேட்பார்கள் அல்லவா, அங்கேதான் அழுகை வரும். அப்பாவுடைய ஆபரேஷன், அடகில் போன வீடு, பாதியில் நின்ற படிப்பு. அம்மா முந்தானையை எடுப்பாள், ஆச்சி மூக்கை உறிஞ்சுவாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். தங்கச்சி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். அப்புறம் என் முழங்கையை இழுப்பாள். கன்னத்தில் ஒரு விரலைக் கீழே கோடாக இழுத்து, உள்ளங்கையை விரிப்பாள். ஏன் அழுகிறீர்கள்?

“பொறவு சொல்லுதேன்.”

என் உதட்டைப் பார்த்து அவள் மிகச் சீக்கிரம் படிக்கக் கற்றுக்கொண்ட வார்த்தை இதுவாகத்தான் இருக்கும். ‘பொறவு’ என்று நான் உதட்டைக் குவிக்கும்போதே தலையைத் திருப்பிக்கொள்வாள். சொல்லக்கூடாது என்றெல்லாம் நான் நினைத்ததில்லை. அடுத்த கேள்வி வந்துவிடும், அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்தபிறகு உட்கார்ந்து சொல்லலாம் என்றால், அழுத கதையை அரை மணி நேரம் கழித்துச் சொன்னால் அது வெறும் தகவல். ரேஷனில் பாமாயில் வந்துவிட்டது என்கிற மாதிரி. அதனால் “ஒண்ணுமில்ல” என்று முடித்துவிடுவேன். இருபது வருஷம்.

டிவி நிகழ்ச்சிகளில் சைகை மொழியோ ஓடும் எழுத்தோ வேண்டும் என்று 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் எங்கள் வீட்டு டிவிவரை வரவில்லை. தங்கச்சி சின்னவளாக இருந்தபோது தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சைகையில் செய்தி வாசிப்பார்கள். அது ஒன்றைத்தான் அவள் எங்கள் யாருடைய துணையும் இல்லாமல் பார்த்தாள். அந்த நேரத்துக்குச் சோறு வைத்தாலும் திரும்ப மாட்டாள்.

2020க்கு வருவோம். கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’. பெண்கள் மட்டும் விளையாடுகிற நிகழ்ச்சி. (முன்பு புருஷன் கேட்ட கேள்வியை இருபது வருஷம் கழித்துப் பெண்டாட்டி கேட்கிறாள் என்று ஆச்சிக்கு ஒரே சந்தோஷம்.) மதுரை கௌசல்யா கார்த்திகா விளையாடப்போகிறார், காது கேட்காது, பேச வராது என்று முன்னோட்டத்தில் காட்டியதைத் தங்கச்சி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. பொங்கலுக்கு வந்திருந்த என்னைப் புருஷன் வீட்டுக்குத் திரும்பவிடவில்லை. என் பையில் இருந்த சேலைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டுவிட்டாள். “இருந்துட்டு வா, என்ன இப்போ” என்று சொன்ன என் வீட்டுக்காரருக்கும் ஒரு நன்றியை இங்கேயே போட்டுவிடுகிறேன்.

அந்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தால் டிவியில் படமே இல்லை. மாசப் பணம் கட்டாமல் கேபிள் நின்றுபோயிருந்தது. குற்றம் என்னுடையது. கட்டச் சொல்லி அம்மா கொடுத்த பணத்தில் நான் வளையல் வாங்கியிருந்தேன். கேபிள் அண்ணன் வந்து பாக்ஸைப் பார்த்தார், யாருக்கோ போன் போட்டார், “காலையிலதான் வருமாம்” என்றார். தங்கச்சி அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் எதிர்வீட்டுக்குப் போய், ஆச்சியின் மகன் துபாயிலிருந்து வந்தபோது வாங்கி மாட்டிய பெரிய டிவியைப் போட்டு, சேனலை வைத்துவிட்டு, ரிமோட்டை ஆச்சியின் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தார். அந்த நேரத்தில் ஆச்சி பார்க்கிற சீரியல் வேறு. ஆச்சி கடைசிவரை ரிமோட்டைத் தேடவே இல்லை. அது தலையணைக்கு அடியில் இருக்கிறது என்று ஆச்சிக்குத் தெரியும் என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன்.

அம்மாவுக்கு அன்றைக்கு ஆயிரம் பீடியில் முந்நூறு பாக்கி. காலையில் கடையில் கணக்குக் கொடுத்தாக வேண்டும். மேலத்தெரு அக்காமார் மூன்று பேர் வந்து, “நீ தட்டை இங்க வச்சிட்டுப் போ” என்று வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கு நூறு. எனக்குத் தெரிந்து அம்மா மடியில் தட்டு இல்லாமல் டிவி பார்த்தது அந்த ஒரு ராத்திரிதான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலை நுனியைப் பீடி மாதிரிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அக்காமாரே, நீங்கள் சுற்றிய முந்நூறும் கழிவு இல்லாமல் போனது என்று அம்மா இன்னும் சொல்கிறாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. வழக்கம்போலத் தங்கச்சி என் முழங்கையை இழுத்தாள். வழக்கம்போல என் உதடு குவிந்தது. அப்போதுதான் ஆச்சியின் பேத்தி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, தன் தம்பியின் பையிலிருந்து சிலேட்டை உருவி எடுத்துக்கொண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. பலப்பத்தை எச்சில் தொட்டு எழுத ஆரம்பித்தாள்.

‘மதுரை.’ அழிப்பு. ‘கோர்ட்டுல வேல.’ அழிப்பு. ‘நாகர்கோவில் ஸ்கூல்ல படிச்சாங்களாம்.’ உள்ளங்கையால் துடைக்க நேரமில்லாமல் முழங்கையால் துடைத்தாள். பாவாடையெல்லாம் வெள்ளை. எழுத்துப்பிழை எக்கச்சக்கம். ஒரு இடத்தில் ‘கணவர்’ என்பதற்கு ‘கனவர்’ என்று எழுத, தங்கச்சி அந்த அவசரத்திலும் பலப்பத்தைப் பிடுங்கித் திருத்தினாள். சிரிப்பு வரும் இடத்தில் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். எங்களுக்குப் பின்னால் அல்ல, சேர்ந்து. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. திரையில் இருந்த பெண்ணின் முகத்தையும் கையையும் பார்த்துத் தங்கச்சிக்கு எங்களுக்கு முன்னாலேயே விஷயம் புரிய ஆரம்பித்தது. அவள் சிரிக்க, நாங்கள் முழிக்க, அம்மா அவள் முழங்கையை இழுத்து, “என்னட்டி, என்ன சொல்லுதா?” என்றாள். தங்கச்சி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ‘பொறவு’ என்று உதட்டைக் குவித்துக் காட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கேள்வி எந்தத் தொகையில் நிற்கிறது என்றுகூடத் தெரியவில்லை. ஆச்சி, அக்காமார், கேபிள் அண்ணன் எல்லாரும் இருக்கிறார்கள் என்ற வெட்கமும் இல்லாமல் ஏங்கி அழுதேன். தங்கச்சி கன்னத்தில் விரலை இழுத்து, உள்ளங்கையை விரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பிள்ளை சிலேட்டை என் மடியில் வைத்துவிட்டாள்.

‘இத்தனை வருசமா உன்கிட்ட ஒண்ணுமே சொல்லல. அதான்’ என்று எழுதினேன். தங்கச்சி படித்தாள். துடைத்தாள். ‘தெரியும்’ என்று எழுதினாள். அதையும் துடைத்துவிட்டு, ‘அங்க பாரு’ என்று எழுதி டிவியைக் காட்டினாள். ஒரு கோடிக் கேள்வியைத் தவறவிட்டுவிடுவேனோ என்று அவளுக்குக் கவலை.

கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ஜெயித்தார். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தான் படித்த பள்ளிக்கு உதவ வேண்டும் என்று அவர் பிறகு சொன்னதைப் பேப்பரில் படித்தோம். எங்கள் தெருவில் அன்றைக்கு ராத்திரி பெட்டிக்கடை அண்ணாச்சி, சாத்திய கடையைத் திறந்து எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மறுநாள் அதை அம்மா கணக்கில் எழுதி வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் நன்றி அண்ணாச்சி.

தங்கச்சி அதற்குப் பிறகு குரூப் 4 எழுதினாள், கிடைக்கவில்லை. மறுபடி படிக்கிறாள். நடுவில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள், தையலுக்குக் கொடுக்கிறவர்கள் அளவை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறாள். நான் ஊருக்கு வந்தால் டிவி முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். என் கையெழுத்து மோசம் என்று திட்டு வாங்குகிறேன்.

சிலேட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன், பாப்பா. நீ காலேஜ் லீவில் வரும்போது வாங்கிக்கொள். ஆனால் ஒன்று, தங்கச்சி தரமாட்டேன் என்கிறாள். நான் நடுவில் வரவில்லை, நீங்கள் ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். என்னைவிட உனக்குத்தான் அவள் பாஷை நன்றாக வருகிறது.

இப்படிக்கு,
பீடிக்காரம்மா மூத்த மகள்,
முக்கூடல்