நான் எம்மாத்திரம்னு கேட்டவனைப் பத்தி, பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா,

செவ்வாக்கிழமை ராத்திரி நீ போன் பண்ணப்ப நான்தான் எடுத்தேன். ஹலோ சொல்றதுக்குள்ள நீ நெட்வொர்க் இல்லனு கட் பண்ணிட்ட. நெட்வொர்க்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அப்பாவுக்குத்தான் ‘ஹ’ வரல. அப்புறம் அம்மா போன்ல பேசுன, அவ ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியில வார்டு இன்சார்ஜா இருக்கச் சொல்றாங்க, பத்து நாள்ல பதில் சொல்லணும், எனக்கு மேல சீனியர் ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களுக்கு டியூட்டி போட நான் யாரும்மான்னு சொன்னியே, அது ராத்திரி முழுக்க காதுலயே நின்னுச்சு. போன்ல பதில் சொன்னா ஒரு மணி நேரம் ஆகும்னுதான் டைப் பண்றேன். நாலு தடவை உக்காந்து அடிச்சது, முன்னப்பின்ன இருந்தா நீயே சரி பண்ணி படிச்சுக்கோ.

எகிப்துல அடிமையா கிடந்த எபிரெய ஜனத்தைக் கூட்டிட்டு வர அந்த ஊர் ராஜா பார்வோன்ட்ட போன்னு கர்த்தர் சொன்னதும் மோசே வாயில வந்த மொத பதிலும் இதுதான், ‘நான் எம்மாத்திரம்’. சண்டே ஸ்கூல்ல இதை தாழ்மைன்னு சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு அப்படித் தோணல. ஒரு அதிகாரத்தை பின்னால திருப்பிப் பாரு. எகிப்தியன் ஒருத்தன் எபிரெயனைப் போட்டு அடிக்கிறான், இவன் அக்கம்பக்கம் பாத்துட்டு அவனைக் கொன்னு மணல்ல புதைச்சுட்டான். யாரும் போகச் சொல்லல, தானா போனது. மறுநாள் சண்டை போட்ட ரெண்டு எபிரெயரை விலக்கப் போனா அதுல ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா கேக்கான், எங்களுக்கு மேல அதிகாரியா நியாயாதிபதியா உன்னை வச்சது யாருன்னு. சொந்த ஜனம் கேட்ட கேள்வி. அன்னைக்கு ஓடிப்போய் மீதியான்ல மாமனார் எத்திரோவோட ஆட்டை மேய்ச்சவன்தான், அப்போஸ்தலர் நடபடிகள்ல ஸ்தேவான் பிரசங்கத்துல சொல்ற கணக்குப்படி நாப்பது வருஷம். அப்போ ‘நான் எம்மாத்திரம்’ங்கிறது அந்த ‘நீ யாருடா’வுக்கு நாப்பது வருஷம் கழிச்சு வந்த எதிரொலி மாதிரி இருக்கு எனக்கு. சூடுபட்ட பூனை. உனக்கும் போன வருஷம் நைட் டியூட்டியில அந்த டிரிப்ஸ் விஷயத்துல நீ சரியாச் சொல்லியும் எல்லார் முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கிட்டியே, அந்தச் சூடு இன்னும் ஆறலன்னு எனக்குத் தெரியும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேப்ப. நான் பிரஸ்ல எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரா இருந்தப்ப செமினரி வாத்தியார் ஒருத்தர் மோசே கதை வர்ற யாத்திராகமத்துக்கு பாடப்புத்தகம் அச்சடிக்கக் குடுத்தாரு. புரூஃப் பாக்க தினம் சாயங்காலம் வருவாரு, நான் ஈய எழுத்தைப் பொறுக்கி ஸ்டிக்ல அடுக்கிட்டே கேட்டுட்டிருப்பேன். நான் அதிகம் பேச மாட்டேன்ல, அவருக்கு அது வசதி.

அவர் சொன்னதுல ஒண்ணு மறக்கவே இல்ல. நம்ம பைபிள்ல ‘திக்குவாயும் மந்தநாவும்’னு இருக்குல்ல, எபிரெயுல அது கனமான வாய், கனமான நாக்குன்னு வருதாம். கேட்டதும் கையில இருந்த ஸ்டிக்கை அப்படியே கீழ வச்சுட்டேன். ஏன்னா அது அப்படித்தான் இருக்கும் பாப்பா. வார்த்தை தெரியாம இல்ல, வார்த்தை நாக்கு நுனியில ரெடியா நிக்கும், நாக்குதான் தூக்க முடியாம கிடக்கும், ஈயக்கட்டி மாதிரி. அதுக்கு ஆச்சி தினம் காலையில வசம்பைச் சுட்டு தேன்ல இழைச்சு நாக்குல தடவுவா, அந்தக் கசப்பும் காரமும் இப்பவும் நினைச்சா வாயில வரும். கூழாங்கல்லை வாயில போட்டுப் பேசச் சொன்னாங்க. காரணமும் ஆளுக்கொண்ணு சொன்னாங்க, கிணத்தைப் பாத்துப் பயந்துட்டான், அப்பன் அடிச்சதுல வந்தது, அது இதுன்னு. மோசேக்கும் யூதங்க அப்படி ஒரு கதை வச்சிருக்காங்க, மித்ராஷ்ங்கிற அவங்க வேத விளக்கத்துல வருது. குழந்தையா பார்வோன் மடியில இருந்தப்ப கிரீடத்தைப் பிடுங்கிட்டானாம், இவன் ராஜ்யத்தைப் பிடிக்கப் போறவன்னு சந்தேகப்பட்டு ஒரு தட்டுல தங்கமும் நெருப்புத்தணலும் வச்சுப் பாத்தாங்களாம், பிள்ளை தங்கத்துக்குத்தான் கை நீட்டுது, காபிரியேல் தூதன் கையைத் தட்டிவிட தணலை எடுத்து வாயில வச்சு நாக்கு வெந்துபோச்சாம். கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா வேதத்துல அதெல்லாம் இல்ல, மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யாருன்னு ஒரே கேள்வியில கர்த்தர் முடிச்சுட்டாரு.

கர்த்தர் மோசேகூட பேசுன அந்த முட்செடி எரிஞ்சும் வேகலங்கிறதை எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அதைவிட அங்க நடந்த பேரம்தான் பிடிக்கும். நான் எம்மாத்திரம்னான். நான் உன்னோட இருப்பேன்னாரு (கவனி, நீ பெரிய ஆளுடான்னு சொல்லல). உம்ம பேரு என்னன்னு கேட்டா என்ன சொல்லன்னான், இருக்கிறவராக இருக்கிறேன்னு சொல்லுன்னாரு. நம்ப மாட்டாங்கன்னான். உன் கையில இருக்கிறது என்னன்னு கேட்டாரு. கோல்னான். ஆடு மேய்க்கிற கோல், புதுசா ஒண்ணும் வானத்துல இருந்து இறங்கல. அது பாம்பாகி, இவன் பயந்து ஓடி, அப்புறம் வாலைப் பிடிச்சுத் தூக்குன்னாரு பாரு, பாம்பை எவனாவது வால்ல பிடிப்பானா, தலையில்ல அமுக்கணும். அதுக்கும் சரின்னு பிடிச்சான். அப்புறம்தான் வாய் வராதுன்னான். கடைசியில ஒண்ணும் மிச்சமில்லாமப் போனதும், ‘நீர் அனுப்பச் சித்தமாயிருக்கிற யாரையாகிலும் அனுப்பும்’ன்னுட்டான். நாலு தடவையும் பொறுமையா பதில் சொன்னவருக்கு அங்கதான் கோபம் வந்துச்சு. பிரான்ஸ்ல 11ஆம் நூற்றாண்டுல இருந்த ராஷிங்கிற ரபி (யூதங்களோட வேத போதகர்), இந்தப் பேச்சு ஏழு நாள் நடந்துச்சுன்னு எழுதியிருக்காரு. ஏழு நாள்! உனக்கு பத்து நாள் குடுத்திருக்காங்க, பரவால்ல.

இந்த ராஷி இன்னொண்ணும் சொல்றாரு, உன் விஷயம் அங்கதான் இருக்கு. மோசே அவ்ளோ மறுத்ததுக்குக் காரணம் அவங்க அண்ணன் ஆரோனாம். மூணு வயசு மூத்தவன், பார்வோன் முன்னால நின்னப்ப மோசேக்கு 80, ஆரோனுக்கு 83ன்னு கணக்கே போட்டிருக்கு. மூத்தவன் இருக்க நான் எப்படி முன்னால நிக்க, அவன் மனசு வருத்தப்படுமேன்னு யோசிச்சானாம். உன் ரெண்டு சீனியர் சிஸ்டர் மாதிரியே. அதுக்கு கர்த்தர் கோபத்துல சொன்ன பதிலைப் பாரு, அவன் நல்லாப் பேசுவான்னு எனக்குத் தெரியும், இதோ உன்னைப் பாக்க புறப்பட்டு வாறான், உன்னைக் கண்டா அவன் மனசு சந்தோஷப்படும். இவன் இங்க முடியாது முடியாதுன்னு மல்லுக்கட்டிட்டு இருக்கிறப்பவே அங்க அண்ணன் வர்ற ஏற்பாடு ஆகியாச்சு. அந்த சிஸ்டர்ஸ்ட்ட நீ இன்னும் ஒரு வார்த்தை கேக்கல இல்லியா, அம்மா கேட்டப்ப நீ பேச்சை மாத்துன. கேட்டுப் பாரு. அவங்க முகம் சுளிப்பாங்கன்னு நீயா எழுதி வச்சிருக்கிறதை அவங்க படிச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க.

நாக்கு சரியாச்சான்னா, ஆகல. ஆறாவது அதிகாரத்துலயும் விருத்தசேதனமில்லாத உதடுன்னு மறுபடி புலம்புறான். போன காரியமும் உடனே ஜெயிக்கல. மொத தடவை பார்வோன்ட்ட போய்ப் பேசுனதுக்கு வைக்கோல் நிறுத்திட்டான், ஆனா செங்கல் எண்ணிக்கை குறையக் கூடாதுன்னுட்டான், ஜனத்தோட அதிபதிங்க இவனைத் திட்டுறாங்க, இவன் போய் ஏன் என்னை அனுப்பினீர்னு கர்த்தர்ட்ட நிக்கான். நீ இன்சார்ஜ் ஆன மொத மாசமும் இப்படித்தான் இருக்கும், லீவு கேட்டுக் கிடைக்காதவ எல்லாம் உன்னைத்தான் பேசுவா. இதை மறைச்சு உன்னை ஆசைகாட்ட எனக்கு இஷ்டமில்ல.

அந்த ‘கனம்’ங்கிற வார்த்தையை வாத்தியார் இன்னும் மூணு இடத்துல காட்டுனாரு, புரூஃப் பேப்பர்ல சிவப்பு பென்சில்ல வட்டம் போட்டு. பார்வோன் இருதயம் கடினப்பட்டதுன்னு நாம வாசிக்கிறது எபிரெயுல சில இடத்துல கனத்துப்போச்சுன்னுதான் இருக்காம், நாக்கு கனத்தவனை மனசு கனத்தவன்ட்ட அனுப்பியிருக்காரு. அப்புறம் அமலேக்குங்கிற ஜனத்தோட யுத்தத்துல மோசே கை கனத்துப் போகுது, ஆரோனும் ஊர்ங்கிற இன்னொருத்தனும் ஒரு கல்லை இழுத்துப் போட்டு உக்கார வச்சு ஆளுக்கொரு பக்கமா கையைத் தாங்கிக்கிட்டாங்க, பொழுது சாயுற வரைக்கும். அடுத்த அதிகாரத்துல மாமனார் எத்திரோ வந்து பாக்காரு, காலையில இருந்து சாயங்காலம் வரை இவன் ஒருத்தனே வழக்கு தீத்துட்டிருக்கான். நீ செய்றது நல்லதில்ல, இது உனக்கு ரொம்ப கனம், ஆயிரம் நூறு அம்பது பத்துன்னு ஆள் போட்டுப் பிரிச்சுக் குடுன்னு சொல்றாரு. நாலு எடத்துலயும் ஒரே வார்த்தை. கனத்தையே எடுத்துட்டதா எங்கயும் இல்ல பாப்பா. இன்னொரு ஆள் வந்து மறுபக்கம் பிடிக்கான், அவ்ளோதான்.

இப்ப உனக்குச் சொல்லாத ஒண்ணு. 1991ல பிரஸ்ல ஓவர்டைம் காசு ஆறு மாசம் பாக்கி. பசங்க எல்லாம் சேந்து ஓனர்ட்ட பேச என்னைப் போகச் சொன்னாங்க, நான்தான் யார் யார் எத்தனை மணி நேரம்னு ஒரு நோட்டுல தேதிவாரியா எழுதி வச்சிருந்தேன். நான் மோசே மாதிரி அஞ்சு தடவைலாம் சொல்லல, ஒரே தடவை, வேற யாரையாவது அனுப்புங்கன்னேன். நல்லாப் பேசுற ஒருத்தன் போனான். நல்லாத்தான் பேசுனான், ஆனா எவ்ளோ பாக்கின்னு திருப்பிக் கேட்டதும் முழிச்சிருக்கான். மூணு மாசத்துக்குத்தான் கிடைச்சுது. நோட்டு என் சட்டைப்பையிலயே இருந்துச்சு. பக்கத்துல சும்மா உக்காந்து நோட்டை நீட்டியிருந்தாக்கூடப் போதும், பேசவே வேண்டியிருந்திருக்காது. உன் கையில இருக்கிறது என்னங்கிற வசனம் கோயில்ல வாசிக்கிறப்பல்லாம் எனக்கு சட்டைப்பை கனக்கும்.

ஆனா தயங்குறவன் எல்லாம் நல்லா வருவான்னும் கிடையாது, அதையும் சொல்லிடுறேன். சவுல் இஸ்ரவேலோட மொத ராஜாவா சீட்டு விழுந்தப்ப தளவாடத்துக்குள்ள ஒளிஞ்சுகிட்டான், எல்லாரையும்விட தோளுக்கு மேல உசரம், அவனைப் போய் மூட்டைக்குள்ள தேடி இழுத்துட்டு வந்தாங்க. அவன் கடைசியில எப்படி ஆனான்னு உனக்கே தெரியும். மோசேயும் எப்பவும் சாந்தமாவே இருந்துடல. ‘வாக்குவல்லவன் அல்ல’ன்னு சொன்ன அதே ஆளு சொன்ன வார்த்தைகள்னுதான் 34 அதிகாரம் உள்ள உபாகமமே ஆரம்பிக்குது, ரபிகளுக்கே அதுல ஆச்சரியம். அவ்ளோ பேசப் பழகினவன் மேரிபாங்கிற இடத்துல தண்ணி கேட்டு ஜனம் சண்டை போட்டப்ப ‘கலகக்காரரே’ன்னு கத்தி கன்மலையை ரெண்டு அடி அடிச்சான். உதட்டால பதறிப் பேசிட்டான்னு சங்கீதம் 106 சொல்லுது. அதனால நேபோ மலையில நின்னு, ஜனத்தோட போய்ச் சேர வேண்டிய கானானைக் கண்ணால பாத்ததோட சரி. வாய் வரலன்னு அழுதவன் கடைசியில வாயாலதான் மாட்டுனான். அதனால இன்சார்ஜ் ஆனாலும் ஜூனியர் பிள்ளைகளை பேஷண்ட் முன்னாடி வச்சுக் கத்தாத. உன்னைக் கத்துனது உனக்கு மறக்கல இல்லியா.

எடுத்துக்கோன்னும் சொல்லல வேண்டாம்னும் சொல்லல. மாட்டேன்னு சொல்றதா இருந்தா உடம்பு முடியல, சின்னப் பிள்ளை இருக்கான், அப்படி நிஜமான காரணத்தைச் சொல்லு. நான் யாருன்னு மட்டும் சொல்லாத.

அம்மா பனங்கிழங்கு அவிச்சு காயவச்சு வச்சிருக்கா, எதிர்வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வாறான், குடுத்துவிடுறோம். சின்னவனுக்கு நாரெடுத்துட்டுக் குடு. அந்த ரெண்டு சிஸ்டர்ட்டயும் பேசிட்டு போன் பண்ணு, அம்மா நம்பருக்கு இல்ல, எனக்கே பண்ணு. எடுத்ததும் சத்தம் வரலன்னா கட் பண்ணிராத, நான் லைன்லதான் இருப்பேன்.

அப்பா