ஸ்கோல்ஸின் கண்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று படித்ததும் மனசுக்குச் சங்கடமாகிவிட்டது. ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். டாக்டர் சொல்கிற தேதியை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதே. ஆபீஸில் ஆடிட் என்றால் ஆடிட் காத்திருக்கட்டும்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

"இனிமேல் மேட்ச் பார்த்து என்ன ஆகப்போகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தாய் அல்லவா, அதுதான் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது. படித்த கையோடு எனக்கு மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் பழைய நடுக்கள ஆட்டக்காரர், நம் பால் ஸ்கோல்ஸ் ஞாபகம் வந்தது. நாம் இரண்டு பேரும் அவரைப் பற்றிப் பேசாத இரவே கிடையாது. ஆனால் அவருக்கும் இதே கோளாறு வந்ததை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

2005 டிசம்பர் கடைசி. பர்மிங்காம் சிட்டியோடு ஆட்டம். பார்வை மங்குகிறது என்றார். பரிசோதித்ததில் கண்ணின் பின்புறம் ரத்தக்குழாய் அடைப்பு. அந்த சீசனின் மிச்சப் பாதி கிட்டத்தட்ட முழுக்க வெளியே உட்கார்ந்தார். வயது 31. முழங்கால் போனவர்கள், தசைநார் கிழிந்தவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கெல்லாம் இத்தனை மாதத்தில் திரும்பலாம் என்று ஒரு கணக்கு உண்டு. கண்ணுக்கு அப்படி என்ன கணக்குச் சொல்ல முடியும்? அதுவும் இந்த மனிதருக்கு!

ஏனென்றால் ஸ்கோல்ஸிடம் வேறு என்ன இருந்தது, சொல். உயரம் ஐந்தடி ஏழங்குலத்துக்குள். வேகம் கிடையாது. ஆஸ்துமா வேறு. அவரிடம் இருந்ததெல்லாம் பார்வைதான். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பந்து வந்து சேரும்போது அடுத்து அது எங்கே போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். டிவியில் மேட்ச் பார்க்கும்போது நம் கண் பந்து மேலேயே இருக்கும். அதை விட்டு அவரை மட்டும் பார்த்தால்தான் இது தெரியும். அறுபது கெஜம் தள்ளி மறு ஓரத்தில் ஓடுகிறவனின் காலடியில் பந்து போய் விழும். ஓடுகிறவன் ஓட்டத்தைக் குறைக்க வேண்டியிருக்காது. பார்சலோனாவின் நடுக்கள ஆட்டக்காரர் ஸாவி அவரைத் தன் காலத்தின் மிகச் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்று சொன்னது சும்மா மரியாதைக்கு இல்லை. அதே தொழிலைச் செய்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்தது. 2006 மே மாதம், சீசனின் கடைசி ஆட்டத்தில், சார்ல்டன் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அடுத்த அக்டோபரில் லிவர்பூலோடு ஓல்ட் டிராஃபோர்டில் ஆட்டம். யுனைடெட்டுக்காக அது அவருடைய 500-ஆவது ஆட்டம். முதல் கோலையும் அவரே போட்டார். டிசம்பரில் ஆஸ்டன் வில்லா மைதானத்தில் நடந்ததைத் தேடி எடுத்து மறுபடி பார். பெரிதாக வை, பக்கத்தில் உட்கார்ந்து பார். வில்லா ஆட்டக்காரர் ஒருவர் தலையால் முட்டி வெளியேற்றிய பந்து மேலிருந்து இறங்கி வருகிறது. ஸ்கோல்ஸ் பெனால்டி பெட்டிக்கு வெளியே நிற்கிறார். நிறுத்தவில்லை, தரையில் விழ விடவில்லை, வந்த வேகத்திலேயே வலது காலால் ஒரு அடி. குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கம் பட்டு உள்ளே. ஒரு வருஷம் முன்னால் கண் மங்கி உட்கார்ந்திருந்தவர் இவர். அந்த சீசனில் யுனைடெட் லீக்கை மறுபடி ஜெயித்தது.

ஆனால் அவர் பழைய இடத்துக்கே திரும்பவில்லை என்பதையும் கவனி. 2002-03-இல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 20 கோல் போட்டவர் அவர். அப்போது ஃபார்வர்டுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருப்பார். பிறகு மெல்லப் பின்னால் இறங்கி, தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்று பந்தை விநியோகிப்பவரானார். கோல்கள் குறைந்தன. ஆட்டம் முழுக்க அவர் வழியாக ஓடியது. எனக்கு இந்த இரண்டாவது ஸ்கோல்ஸ்தான் ஒரு படி மேல்.

1999 சாம்பியன்ஸ் லீக்கில், டூரினில் யுவெண்டஸோடு நடந்த அரையிறுதியில் வாங்கிய மஞ்சள் அட்டையால் இறுதி ஆட்டம் போயிற்றே, ஞாபகம் இருக்கிறதா? பார்சலோனாவில் அணி கோப்பையைத் தூக்கும்போது கோட்டு சூட்டோடு நின்றார். டேக்கிள் மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவேயில்லை. அட்டைகள் அதற்குச் சாட்சி. ஒன்பது வருஷம் கழித்து, 2008 ஏப்ரலில், அதே போட்டியில் பார்சலோனா அணியோடு அரையிறுதி. அவர்கள் தடுப்பாட்டக்காரர் சம்ப்ரோட்டா சரியாக வெளியேற்றாத பந்து அவர் காலுக்கு வந்தது. தூரத்திலிருந்தே அடித்த அடி வளைந்துபோய் மேல் மூலையில் விழுந்தது. இரண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தமே அந்த ஒரு கோல்தான். மாஸ்கோ இறுதி ஆட்டத்தில் அவர் நிச்சயம் இறங்குவார் என்று யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபடி இறக்கவும் செய்தார். ஒரு மேனேஜர் செய்த நியாயமான காரியங்களில் எனக்கு இது என்றைக்கும் முதலில் நிற்கும்.

இங்கிலாந்து அணிக்கு அந்த நியாயம் தெரியவில்லை. 2004 யூரோ கோப்பையில், லாம்பார்டையும் உனக்குப் பிடித்த ஜெரார்டையும் நடுக்களத்தின் நடுவில் வைப்பதற்காக இவரை இடது ஓரத்துக்குத் தள்ளினார்கள். பந்து பகிர்கிற ஆளை ஓரத்தில் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? அந்த ஆகஸ்டிலேயே 66 ஆட்டம், 14 கோலோடு இங்கிலாந்துக்கு விடை சொல்லிவிட்டார். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றுதான் காரணம் சொன்னார், யாரையும் குறை சொல்லவில்லை. 2010 உலகக் கோப்பைக்குத் திரும்ப அழைத்தபோதும் போகவில்லை. அந்தத் தலைமுறை இங்கிலாந்து அணி எதையும் ஜெயிக்காமல் போனதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் இருந்ததை எப்படி வீணாக்கினார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2011-இல் ஓய்வு பெற்றார். மனசு தாங்கவில்லை போலிருக்கிறது. 2012 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் 22-ஆம் எண் சட்டையோடு வந்து இறங்கினார். வந்ததும் ஒரு பாஸைத் தவறவிட்டார், அதிலிருந்து சிட்டி ஒரு கோல் போட்டது. முடிந்தது கதை என்று பேசினார்கள். அடுத்த வாரமே போல்டனுக்கு எதிராகக் கோல் போட்டார். 2013-இல் 11-ஆவது லீக் பட்டத்தோடுதான் காலணியைக் கழற்றினார். மொத்தம் யுனைடெட்டுக்காக 718 ஆட்டம், 155 கோல். நடுவில் வேறு கிளப் பெயரே இல்லை.

அதனால் முருகேசா, அந்த ஒரு வரியை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சனிக்கிழமை ஆட்டத்தை நீயும் பார், நானும் பார்க்கிறேன். பந்து சரியாகத் தெரியாவிட்டால் பந்தை விட்டுவிடு. நடுக்களத்தில் நிற்கிறவர்களில் யார் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது. ஜெரார்டுதான் பெரிய ஆள் என்று பழைய சண்டையை ஆரம்பிப்பதானால் அதையும் எழுது, பதில் தயாராக இருக்கிறது. ஊசி எப்போது என்று தேதி தெரிந்ததும் ஒரு போன் போடு. லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன், துணைக்கு ஆள் வேண்டும்.

அன்புடன்,
ராஜாராம்