மழையும் இயற்கைதானே என்றார் உங்கள் ஊழியர்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கோடை இசை விழா அலுவலகம்.

பொருள்: நிறைவு நாள் கச்சேரி பாதியில் நின்றது, விடியல் கச்சேரி நடக்கவே இல்லை, கட்டணத்தைத் திரும்பத் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இயற்கையைப் பாடும் இசைக்கென்று நீங்கள் நடத்தும் விழாவுக்கு முழுப் பருவச் சீட்டு எடுத்தவன் நான். இதே விஷயத்தை இணையப் படிவத்திலும் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் நேரிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர் தொலைபேசியில் பேசுங்கள் என்கிறார். தொலைபேசியில் இருப்பவர் படிவத்தை நிரப்புங்கள் என்கிறார். படிவமோ, 'தங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது' என்று தானாகவே ஒரு பதிலை அனுப்பிவிடுகிறது. யார் முடித்தார்கள், எதை முடித்தார்கள் என்பது உங்களுக்காவது தெரியுமா? சரி, கோபப்படாமல் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நிறைவு நாள் மாலை, திறந்தவெளி மேடை. முதல் பாதியில் விவால்டியின் 'நான்கு பருவங்க'ளில் இருந்து கோடை. இடைவேளைக்குப் பிறகு பீத்தோவனின் ஆறாம் சிம்பொனி, கிராமத்து இயற்கையைப் பாடும் 'பாஸ்டரல்'. இரண்டாம் பகுதியின் இறுதியில் புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும் ஓபோ காடையாகவும் கிளாரினெட்டுகள் குயிலாகவும் கூவும் இடம் வரை எல்லாம் நன்றாகவே போனது. (மேடைக்குப் பின்னால் ஓடிய ஜெனரேட்டரும் அந்தப் பறவைகளோடு சேர்ந்து பாடியது. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இப்போதைக்கு விடுகிறேன்.) மூன்றாம் பகுதியில், கிராமத்தார் ஆடும் ஆட்டம் சூடு பிடித்தபோது தூறல் விழுந்தது. உங்கள் ஆள் ஒருவர் மேடையேறி இசை நடத்துநரின் காதில் ஏதோ சொன்னார். அவ்வளவுதான், நிறுத்திவிட்டார்கள்.

வயலின்களை மழையில் நனைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டிய மரம், ஈரம் ஏறினால் ஒட்டு விட்டுவிடும் என்பது எனக்கும் தெரியும். மழை வந்தால் கச்சேரி உள்ளரங்கில் தொடரும் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறீர்களே, அது எதற்கு? நனைந்துகொண்டே உள்ளரங்கத்து வாசலுக்குப் போனால் உள்ளே உங்கள் புரவலர்களுக்கு விருந்து. கண்ணாடிக் கதவு வழியே வெள்ளை மேசைவிரிப்புகள் தெரிந்தன. எங்களுக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். கதவைத் திறக்க ஒருவரும் வரவில்லை.

இதைச் சொல்லத்தான் உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் என் பேச்சை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "மழையும் இயற்கைதானே சார்? இயற்கை விழாவுக்கு வந்து மழையில் நனைந்ததற்கா பணத்தைத் திருப்பிக் கேட்கிறீர்கள்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவரும் சிரித்தது எனக்குக் கேட்டது. உங்களிடம் அழைப்புகள் பதிவாகும் என்று முதலிலேயே ஓர் அறிவிப்பு வருகிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். மீதியைக் கைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வேறு ஆலோசனை தந்தார். கைபேசியில் கேட்பதற்கு நான் ஏன் உங்களிடம் சீட்டு வாங்க வேண்டும்?

பிறகு வந்த மின்னஞ்சல் அதைவிட அழகு. ஐந்து பகுதிகளில் மூன்று வாசிக்கப்பட்டுவிட்டதால் பாதிக்கு மேல் கச்சேரி நடந்ததாகக் கணக்காம், விதிப்படி பணம் கிடையாதாம். துணிக்கடையில் முழம் போடுவதுபோல் சிம்பொனியை அளக்கிறீர்கள். முதலில், மூன்றாம் பகுதியே முடியவில்லை. அடுத்து, அந்தச் சிம்பொனியில் மூன்று, நான்கு, ஐந்து ஆகிய பகுதிகள் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுபவை என்று உங்கள் கையேடே சொல்கிறது. ஆட்டம் நடக்கும்போதே புயல் புகுகிறது, புயல் ஓய்ந்தபின் இடையர்களின் நன்றிப் பாட்டு. புயலுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பாதிக்கு மேல் முடிந்தது என்கிறீர்கள்! டிம்பனி என்ற பெரிய முரசு, புயல் வரும் அந்த நான்காம் பகுதியில் மட்டும்தான் ஒலிக்கும். உங்கள் டிம்பனிக் கலைஞர் முதல் மூன்று பகுதிகளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் ஓர் அடிகூட அடிக்காமல் தன் கோட்டைக் கழற்றித் தோலின் மேல் போர்த்திவிட்டுப் போனார். அவருக்காவது சம்பளம் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தச் சிம்பொனி 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியபோது, கணப்பு இல்லாத அரங்கில் ரசிகர்கள் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய கடைசி உருப்படி நடுவில் தடம் புரண்டபோது அதை மறுபடி தொடங்கி வாசித்து முடித்தார்கள். அவர்களிடம் உதவி எண் இல்லை என்பது நல்லதாயிற்று.

'கோடை மழையை எதிர்பார்க்க இயலவில்லை' என்றும் அதே மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். விவால்டி 1725-இல் வெளியிட்ட அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பதினான்கு வரிக் கவிதை உண்டு. கோடைக்கான கவிதையின் முடிவில் வானம் இடித்து, ஆலங்கட்டி மழை கதிர்களை ஒடித்துப்போடுகிறது. அதை நீங்களே மொழிபெயர்த்துக் கையேட்டில் போட்டு, முதல் பாதியில் வாசிக்கவும் வைத்துவிட்டு, இரண்டாம் பாதியில் மழையை எதிர்பார்க்கவில்லை என்கிறீர்கள்.

விடியல் கச்சேரியைச் சொல்ல மறந்துவிட்டேன். அது நிறைவு நாளுக்கு முன்பே நடந்த கூத்து. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் 1956 முதல் 1958 வரை பியானோவுக்காக எழுதிய பதின்மூன்று பறவைத் துண்டுகளில் சிலவற்றை, உண்மையான பறவைகள் விழிக்கும் நேரத்தில் தோப்புக்குள் வாசிப்பதாக அறிவித்தீர்கள். விழாவிலேயே நான் மிகவும் எதிர்பார்த்தது அதைத்தான். இருட்டோடு எழுந்து போனால் வாயிற்கதவு பூட்டிக் கிடக்கிறது. கம்பிகளுக்கு அப்பால் பியானோ தார்ப்பாய்க்குள் இருக்கிறது, நீலக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறது, மேலெல்லாம் பனித்துளி. காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை, பாவம், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ரத்து என்ற செய்தி, நான் வீடு திரும்பிய பிறகு உங்கள் செயலியில் நிதானமாக வந்தது. காரணம்? 'தவிர்க்க முடியாதது.' இதற்கும் மழையைச் சொல்லிவிடாதீர்கள், அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

இதையும் சேர்த்துக் கேட்கத் தொலைபேசியில் மறுபடி காத்திருந்தேன். காத்திருப்பவர்களுக்கு நீங்கள் போடும் இசை விவால்டியின் வசந்தம். அதுவும் தொடக்கத்துச் சில அடிகள் மட்டுமே, பறவைகள் கூவத் தொடங்கும் முன்பே அறுந்து மறுபடி முதலிலிருந்து வருகிறது. எதையும் முழுதாக வாசிப்பதில்லை என்பது உங்கள் நிறுவனக் கொள்கை போலும்.

இந்த விழாவுக்காகவே விடுப்பை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். என் கோடை முழுவதும் பாழாகிவிட்டது, மன நிம்மதி போய்விட்டது, இனி எந்த அரங்கிலும் மனம் ஒன்றி உட்கார முடியுமா என்றே தெரியவில்லை. இதற்கெல்லாம் விலை போட்டால் உங்கள் நிறுவனம் தாங்காது. அதையெல்லாம் நான் கேட்கவில்லை.

தயவுசெய்து செய்ய வேண்டியது இதுதான். இரண்டு கச்சேரிகளின் கட்டணத்தையும் பிடித்தம் ஏதுமின்றித் திரும்பத் தாருங்கள். உள்ளரங்கை விருந்துக்குக் கொடுத்தது யார் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அந்த ஊழியர் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருடைய வேலைக்கு உலை வைக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பேன். உங்கள் கையேட்டில் பெயர் போட்டிருக்கும் புரவலர்கள் அனைவருக்கும் இந்தக் கடிதத்தின் நகல் போகும், அன்றைய விருந்து எப்படி இருந்தது என்ற கேள்வியோடு. அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன். அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்ற ஆசை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு இருக்கிறது.

பதிலை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். தொலைபேசியில்தான் பேசுவேன் என்றால் பேசுங்கள், ஆனால் அழைப்பவர் அவராக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் பருவச் சீட்டு வாடிக்கையாளர்

இணைப்பு: பருவச் சீட்டின் நகல், உள்ளரங்க உறுதிமொழி உள்ள கையேட்டுப் பக்கம், தார்ப்பாய்க்குள் இருக்கும் பியானோவின் புகைப்படம்.