ஏப்ரல் ஆட்டம் வேறு, ஆகஸ்ட் ஆட்டம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்ட அட்டவணையைக் குறைசொல்லும் கால்பந்துப் பயிற்சியாளர்களை உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று அண்மையில் ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளியது. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதுகின்றன, ஒன்று சொந்த மைதானத்தில், மற்றொன்று வெளியில். அது முன்னே வந்தால் என்ன, பின்னே வந்தால் என்ன என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள், சரிபாதி வெளியூரில். ஆனால் முன்னே வருவதும் பின்னே வருவதும் ஒன்றல்ல என்பதை அந்த லீக்கே பலமுறை காட்டியிருக்கிறது.

2011 டிசம்பர் 26 அன்று மான்செஸ்டர் யுனைடெட் தன் மைதானத்தில் விகன் அணியை 5-0 என்று நொறுக்கியது. அதே விகனின் மைதானத்துக்கு யுனைடெட் போனது 2012 ஏப்ரல் 11 அன்று. அதற்கு மூன்று நாள் முன்புதான் ஆறு ஆட்டங்கள் மீதமிருக்க 8 புள்ளிகள் முன்னிலை என்ற வலுவான நிலையை அது எட்டியிருந்தது. புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவர் இதை எளிய ஆட்டம் என்றே குறித்திருப்பார். விகனோ கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாமல் தப்பிக்க உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தது. 1-0 என்று வென்றது. அதே மாதத்தில் ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியது. நியூகாசிலை 4-0 என்று துரத்தியது. சீசன் முடிவில் யுனைடெட்டும் மான்செஸ்டர் சிட்டியும் ஆளுக்கு 89 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில், அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்த கணக்கில், பட்டம் சிட்டிக்குப் போனது. டிசம்பரில் பார்த்த விகனும் ஏப்ரலில் பார்த்த விகனும் பெயரில் மட்டுமே ஒன்று.

இதற்காக, கடைசி ஆட்டம் வெளியூரில் என்றால் கதை முடிந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த எண்ணமும் தவறு என்பதற்கு 1989 மே 26-ஐவிடச் சிறந்த சான்று கிடையாது. சீசனின் கடைசி ஆட்டத்துக்கு ஆர்சனல், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்குப் போனது. குறைந்தது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பட்டம். ஒரு கோலில் தோற்றாலும் லிவர்பூல்தான் சாம்பியன். ஆர்சனல் 2-0 என்று வென்றது. இரண்டாவது கோலை மைக்கேல் தாமஸ் அடித்தபோது 90 நிமிடங்கள் கடந்திருந்தன. புள்ளிகள் சமம், கோல் வித்தியாசமும் சமம். 65-க்கு 73 என்று அதிக கோல் அடித்திருந்ததால் கோப்பை ஆர்சனலுக்கு.

இதை வீரத்தின் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். லிவர்பூல் மே 20 சனிக்கிழமை, லீக்கிலிருந்து தனியாக நடக்கும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எவர்ட்டனோடு கூடுதல் நேரம் வரை மல்லுக்கட்டி வென்றது. செவ்வாய்க்கிழமை வெஸ்ட் ஹாம் அணியோடு இன்னொரு ஆட்டம். வெள்ளிக்கிழமை ஆர்சனல். ஏழு நாளில் மூன்று பெரிய ஆட்டங்கள்! ஆர்சனலோ மே 17-க்குப் பிறகு ஒன்பது நாள் கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வந்திருந்தது. ஏப்ரலில் நடக்கவேண்டிய இந்த ஆர்சனல் ஆட்டம், ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரசிகர்கள் நெரிசலில் உயிரிழந்த பெருந்துயரத்தால் தள்ளிப்போனது. அந்தத் துக்கத்தையும் சுமந்துகொண்டுதான் லிவர்பூல் வீரர்கள் அந்த வாரம் முழுவதும் ஓடினார்கள். சொந்த மைதானம் என்ற சாதகத்தை இத்தனை பாரமும் சேர்ந்து கரைத்திருக்காதா?

வெளியூர் ஆட்டம் கடினம் என்றவுடன் பயணக் களைப்பைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்து போன்ற சிறிய நாட்டில் அது பெரிய காரணமாக எனக்குத் தோன்றவில்லை. காரணம் பெரும்பாலும் கூட்டம்தான். கொரோனா காலத்தில் ஏறக்குறைய முழுவதும் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்த 2020-21 பிரிமியர் லீக்கில் வெளியூர் அணிகள் 153 ஆட்டங்களிலும் சொந்த மைதான அணிகள் 144 ஆட்டங்களிலும் வென்றன. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றில் அதற்குமுன் இப்படி நடந்ததே இல்லை. பயணமும் புல்தரையும் அப்படியேதான் இருந்தன. ஆரவாரம்தான் இல்லாமல் போனது. சொந்த அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது நடுவர்கள் ஈடு நேரத்தை, அதாவது ஆட்டத்தில் வீணான நேரத்துக்காக இறுதியில் சேர்க்கும் நிமிடங்களை, சற்று நீட்டிக் கொடுக்கிறார்கள் என்று ஸ்பெயின் லீக்கை ஆராய்ந்தவர்களும் கண்டிருக்கிறார்கள். பட்டமோ கீழ்ப்பிரிவுக்கு விழாமல் பிழைப்பதோ தொங்கிக்கொண்டிருக்கும் மே மாதத்தில் அந்த ஆரவாரம் எத்தனை மடங்காகும்!

பட்டத்துக்கோ பிழைப்புக்கோ ஆடும் எதிரணிதான் கடினம் என்ற என் கணிப்புக்குள் அடங்காத ஆட்டங்களும் உண்டு. 2014 மே 5 அன்று கிறிஸ்டல் பேலஸ் அணிக்கு இழக்கவோ பெறவோ பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இருந்தும் 79-ஆவது நிமிடம் வரை 3-0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூலை அது 3-3 என்று பிடித்து நிறுத்தியது. கோல் வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளும் ஆசையில் லிவர்பூல் மேலே மேலே ஏறிப்போன ஆட்டம் அது.

லீக் நிர்வாகம் ஜூனில் அட்டவணை போடும்போது கவனமாகவே போடுகிறது. இயன்றவரை எந்த ஐந்து ஆட்டங்களை எடுத்தாலும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் உள்ளூரும் வெளியூரும் கலந்திருக்கும். சீசனின் முடிவில் அடுத்தடுத்து இரண்டு வெளியூர் ஆட்டங்கள் வராது. அந்த நேர்த்தியைக் கோப்பைப் போட்டிகளும் ஐரோப்பிய ஆட்டங்களும் மழையும் பனியும் கலைத்துவிடுகின்றன. தள்ளிப்போனவை ஏப்ரல், மே மாதங்களின் வார நாட்களில் வந்து குவிகின்றன. அதைப் பற்றிப் பேசும் பயிற்சியாளரைச் சாக்கு சொல்பவர் என்று எழுதுவது நியாயமல்ல.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சீசனின் கடைசி ஐந்து வாரங்களிலாவது புள்ளிப்பட்டியலுக்குப் பக்கத்தில் முன்னணி அணிகளின் மீதமுள்ள ஆட்டங்களையும் அச்சிடுங்கள். உள்ளூரா வெளியூரா, முந்தைய ஆட்டத்துக்குப் பின் எத்தனை நாள் இடைவெளி, எதிரணி பட்டத்துக்கு ஆடுகிறதா பிழைப்புக்கு ஆடுகிறதா என்ற மூன்று விவரங்கள் போதும். எது கடினம், எது எளிது என்பதை வாசகர்கள் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்கத்தை விடாமல் படிக்கும் வாசகர்