அந்த 11 நொடிகள்: டூம் கற்றுத்தந்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரியம்மாவின் தோ பாயோ வீட்டைக் காலி செய்த அன்று, ஸ்டோர் ரூமின் மேல்தட்டில் இருந்த மைலோ டப்பாவை என்னிடம் நீட்டி, வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லையென்றால் குப்பையில் போடு என்றீர்கள். அதற்குள் ஒன்பது ஃபிளாப்பி வட்டுகள் இருந்தன. அவற்றைப் படிக்க ஒரு டிரைவ் தேடி சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி இறங்கியும் கிடைக்காமல், கடைசியில் இணையத்தில் வாங்கினேன். நம் சிங்கப்பூர்ப் புழுக்கம் சும்மா விடுமா? ஆறு வட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது, அவற்றில் ஒன்றும் தேறவில்லை. ஏழாவது வட்டில் 'கிங்' என்று பெயரிட்ட ஒரே ஒரு கோப்பு இருந்தது. பெயரைப் பார்த்ததுமே அது உங்களுடையது என்று தெரிந்துவிட்டது.

அது, எதிரிகளைச் சுட்டு வீழ்த்திக்கொண்டே போகும் டூம் என்ற கணினி விளையாட்டின் டெமோ கோப்பு, அதாவது ஒருவர் ஆடிய ஆட்டத்தின் பதிவு. 1995 டிசம்பர் விடுமுறையில், நீங்கள் தேசிய சேவைக்காக ராணுவ முகாமுக்குக் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு, முதல் கட்டத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்ததாகவும் அதைப் பதிவுசெய்து வைத்திருப்பதாகவும் என்னிடம் சொன்னீர்கள். உயர்நிலை ஒன்றில் படித்துக்கொண்டிருந்த நான் அதை வேதவாக்காக நம்பினேன். இத்தனை வருடங்களும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பதிவைக் காணொளி என்று எண்ணிவிடக் கூடாது. 320க்கு 200 புள்ளிகள் கொண்ட அந்தத் திரையைக்கூடப் படம் படமாகச் சேமித்து வைக்க அன்றைய ஃபிளாப்பியில் இடம் போதாது. டூம் தன் உலகத்தை நொடிக்கு 35 முறை நகர்த்துகிறது. ஒவ்வொரு நகர்விலும் முன்னே பின்னே போனது, பக்கவாட்டில் விலகியது, திரும்பியது, சுட்டது அல்லது கதவைத் திறந்தது ஆகிய நான்கையும் நான்கே பைட்டுகளில் குறித்துவைக்கிறது. அதாவது ஒரு நொடிக்கு 140 பைட். திரும்ப ஓட்டும்போது நடப்பது ஒளிபரப்பு அன்று. நீங்கள் அன்று அழுத்திய விசைகளை வைத்துக்கொண்டு விளையாட்டு மறுபடியும் தன்னைத்தானே ஆடிப் பார்க்கிறது. எதிரிகளின் போக்கும் குண்டு சிதறும் விதமும் தற்செயல் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். உண்மையில் அவையெல்லாம் 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கப்படுபவை. ஆகவே அதே விசைகளை அதே கணத்தில் கொடுத்தால் அதே எதிரி அதே இடத்தில்தான் விழுவான். இந்த ஏற்பாட்டின் சிக்கனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

இட் சாஃப்ட்வேர் நிறுவனம் டூமை வெளியிட்டது 1993 டிசம்பர் 10 அன்று. ஒன்பது கட்டங்கள் கொண்ட முதல் பாகத்தை யாரும் யாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று அவர்களே அனுமதித்திருந்ததால், உங்கள் வகுப்பு நண்பர் வழியாக அது நம் வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது. மூல நிரலையும் 1997 டிசம்பரில் அதன் நிரலாளர் ஜான் கார்மாக் பொதுவில் விட்டுவிட்டார். அதை வைத்துப் பிறர் எழுதிய சாக்லேட் டூம் என்ற மென்பொருள், பழைய விளையாட்டை அதன் பிழைகளோடு சேர்த்து அப்படியே நடத்துகிறது. படங்களை மெருகேற்றி, வெளிச்சம் கூட்டி வரும் புதிய வடிவங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பாட்டி வீட்டுச் சுவரில் ஓவியர் வைத்துப் பூ வரைந்தது போல இருக்கிறது.

முதலில் நானே ஆடிப் பார்த்தேன். இன்றைய விளையாட்டுகளின் பழக்கதோஷத்தில் இடது கை வேறு எழுத்துகளைத் தேடியது. அம்புக்குறி விசைகளில் நடந்து, கன்ட்ரோலில் சுட்டு, ஸ்பேஸ் பாரில் கதவைத் திறக்கும் பழைய கணக்குக்கு விரல்கள் திரும்பவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆனால் வழி ஒன்றுகூட மறக்கவில்லை. பச்சை அமிலத்தின் மேல் வளைந்து வளைந்து போகும் பாதை, அதற்கு எதிரே மேடையில் நின்று நெருப்புருண்டை எறிபவன், எல்லாம் நினைவிருந்தன. நம் புளோக்கின் படிக்கட்டைவிட அந்தக் கட்டடம் எனக்கு நன்றாகத் தெரிகிறது! அதை வடிவமைத்த ஜான் ரொமேரோ, நாம் உடனே போக முடியாத இடத்தை முதலிலேயே கண்ணில் காட்டிவிடுவார். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் அந்த நீலக் கவசம் கிடக்கும். அங்கே போகும் வழியோ கடைசியில், அதுவும் மறைவாக இருக்கும். எனக்குப் பயத்தைவிட அந்த ஏக்கம்தான் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

பிறகு உங்கள் கோப்பை ஓட்டினேன். அண்ணே, ஒரு நிமிடம் என்பது பச்சைப் பொய். நீங்கள் எடுத்துக்கொண்டது 2 நிமிடம் 20 நொடி. அந்தக் கட்டத்துக்கு விளையாட்டே குறித்திருக்கும் நேரம் 30 நொடி என்பதையும் தாழ்மையுடன் சொல்லிவைக்கிறேன். ஐந்து கடின நிலைகளில் நான்காவதைத் தேர்ந்தெடுத்திருந்தீர்கள், அதை மெச்சுகிறேன். ஆனால் ஏற்கெனவே செத்து விழுந்தவனை மூன்று முறை சுட்டிருக்கிறீர்கள், சுவரை ஒட்டியே நடந்திருக்கிறீர்கள், ஒரு கதவை அடைத்துவிட்டு மறுபடி திறந்திருக்கிறீர்கள். என் கண்முன் அவ்வளவு வீரமாகத் தெரிந்த என் அண்ணன் இவ்வளவு பயந்து பயந்து ஆடியிருக்கிறார் என்பதைப் பார்த்தபோது, ஏமாற்றத்துக்குப் பதிலாக ஏனோ நெருக்கம்தான் தோன்றியது.

ஒன்று மட்டும் புரியவில்லை. முதல் கூடத்தில் எதிரிகளை முடித்த பிறகு, அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிடுகிறீர்கள். வெளியே முற்றம், அதற்கப்பால் எவ்வளவு நடந்தாலும் கிட்டே வராத சாம்பல் நிற மலைத்தொடர். திரையின் அடியில் வீரனின் முகம் மட்டும் இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. கோப்பைத் திறந்து எண்களாகவே பார்த்தேன்: வரிசையாக 1,540 பூஜ்யங்கள். 140ஆல் வகுத்தால் சரியாக 11 நொடி. அதன் பிறகு மெதுவாகத் திரும்பி, கதவை நோக்கி நடக்கிறீர்கள்.

பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம். தொலைபேசி அடித்திருக்கலாம். முகாமுக்குப் போவதற்கு எத்தனை நாள் மிச்சம் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீர்களோ, அதுவும் எனக்குத் தெரியாது. அருகில் வந்து நானே ஏதாவது கேட்டுத் தொலைத்திருக்கவும் கூடும்.

சனிக்கிழமை மடிக்கணினியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அண்ணியிடம் சொல்லிவிடுங்கள், இரவுச் சாப்பாடு அங்கேதான். ஜன்னல் வந்ததும் நிறுத்துகிறேன், யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி